சேர்ந்து சாப்பிட்டால் ஊர் ஆகிவிடுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ நூறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அனைவரும் கூடி மதில் சுவரில் ஓவியம் தீட்டுவது, பிறகு ஒன்றாக அமர்ந்து உண்பது என்று குடியிருப்போர் சங்கத்தின் செலவில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியிருக்கிறீர்கள். ஓவியத்துக்கு ஒரு கலைஞரை அமர்த்தினீர்கள். சாப்பாட்டுக்கு வெளியே சொல்லிவிட்டீர்கள். முதல் மாதம் கூட்டம் நிரம்பி வழிந்தது. நான்காவது மாதம் குழந்தைகளும் ஓய்வுபெற்றவர்கள் சிலரும் மட்டுமே வந்தார்கள். கலையும் கூட்டுணவும் மனிதர்களை ஒன்றுசேர்க்கும் என்று சொல்வதெல்லாம் வெறும் பேச்சுத்தானா என்று கேட்கிறீர்கள்.

வெறும் பேச்சு அல்ல. ஆனால் அந்தச் சக்தி உணவுக்குத் தானாகவே வாய்த்திருக்கிறது என்று நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். கல்யாண மண்டபத்தில் ஒரே பந்தியில் முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், கை கழுவிய பிறகு ஒருவரையொருவர் திரும்பிப் பார்ப்பதில்லை. சென்ற அறுபது ஆண்டுகளில் உணவையும், பார்க்க வந்தவர்களையும் சேர்த்து உருவாக்கும் பங்கேற்புக் கலையையும் இணைத்து நடந்த முயற்சிகளைப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: வந்தவர்களை உட்காரவைத்துப் பரிமாறிய இடங்களில் நல்ல மாலைப்பொழுதுகள் அமைந்தன, வந்தவர்கள் தங்கள் கையிலிருந்து ஏதாவது கொடுத்து, வேலையில் ஒரு பங்கைச் செய்து, முடிவெடுக்கும் உரிமையையும் பெற்ற இடங்களில்தான் உறவு நீடித்தது. உங்கள் நிகழ்ச்சியில் உழைப்பு இரண்டு பக்கமும் விலைக்கு வாங்கப்பட்டுவிட்டது. குடியிருப்பவர்களுக்கு மிச்சமிருந்தது வந்துபோவது மட்டுமே.

இத்துறையில் அதிகம் பேசப்படும் எடுத்துக்காட்டிலிருந்தே தொடங்கலாம். தாய்லாந்துக் கலைஞர் ரிர்க்ரித் திரவனிஜா 1992-ல் நியூயார்க்கின் சோஹோ பகுதியில் அப்போது இருந்த 303 காலரி என்ற கலைக்கூடத்தில் ஒரு காட்சியை அமைத்தார். காலரியின் பின்னறையில் இருந்த அலுவலகச் சாமான்களைப் பார்வையாளர் கண்ணில் படும் கூடத்துக்கு மாற்றிவிட்டு, காலியான இடத்தில் அடுப்பும் மேசைகளும் முக்காலிகளும் போட்டு, தாய்க் குழம்பும் சோறும் சமைத்து வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகப் பரிமாறினார். சுவரில் மாட்டுவதற்கு ஒன்றுமில்லை. அங்கே உண்டவர்களுக்கு இடையே நிகழ்ந்ததுதான் படைப்பு. பிரெஞ்சு விமர்சகர் நிக்கோலா பூரியோ 1998-ல் வெளியிட்ட நூலில் இத்தகைய படைப்புகளுக்கு ஒரு கோட்பாட்டையே வகுத்தார். மனித உறவுகளையே கலையின் மூலப்பொருளாகக் கொள்ளும் போக்கு உருவாகியிருக்கிறது என்பது அவருடைய வாதம்.

2004-ல் 'அக்டோபர்' என்ற கலை விமர்சன இதழில் கலை வரலாற்றாசிரியர் கிளேர் பிஷப் எழுதிய கட்டுரை இந்த உற்சாகத்தை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டது. அந்தச் சோற்றை உண்டவர்கள் யார்? பெரும்பாலும் கலைஞர்கள், காலரிக்காரர்கள், கலையை நேசிப்பவர்கள். ஏற்கெனவே பொதுவான பேச்சும் பழக்கமும் உள்ளவர்கள். உறவு உண்டாகிறது என்று சொன்னால் போதாது, எத்தகைய உறவு, யாருக்காக, எதற்காக என்றும் சொல்ல வேண்டும் என்றார் அவர். இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் இந்தக் கேள்விகளுக்குக் கூர் மழுங்கவில்லை. திரவனிஜாவின் குழம்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. காலரி என்ற இடத்தின் விறைப்பை உடைப்பது அவருடைய நோக்கம், அது நிறைவேறியது. உங்கள் நோக்கம் வேறு என்பதால்தான் அவருடைய வழி உங்களுக்குப் பயன்படாது.

அன்னதானத்தையும் இங்கே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். வடலூரில் 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் இன்றும் அடுப்பு எரிகிறது. பசித்து வருபவரை யார் எவர் என்று கேளாமல் உண்பிப்பது அதன் பணி. அங்கே கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை, அப்படி அறியாமலிருப்பதுதான் அதன் கண்ணியமும்கூட. உங்கள் குடியிருப்பில் பசியோடு வருபவர் யாருமில்லை. பசியில்லாதவருக்கு இலவசமாகப் போடும் சாப்பாடு அவரை விருந்தாளி ஆக்குகிறது, விருந்தாளிக்கோ அடுத்த மாதம் வந்தாக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

உழைப்பின் பக்கம் வருகிறேன். திரவனிஜாவுக்கு இருபது ஆண்டுகள் முன்பே, அதே சோஹோவில், 1971-ல் கரோல் குடன், டினா ஜிரார்ட், கோர்டன் மட்டா-கிளார்க் ஆகிய கலைஞர்கள் பிரின்ஸ் தெருவும் வூஸ்டர் தெருவும் சந்திக்கும் முனையில் 'ஃபுட்' என்ற பெயரில் ஓர் உணவகத்தைத் திறந்தார்கள். அக்காலத்து சோஹோ, கைவிடப்பட்ட தொழிற்கூடங்களில் கலைஞர்கள் குடியேறிக்கொண்டிருந்த, மாலையானால் சாப்பிட இடமில்லாத பகுதி. குடன் தம் சொந்தப் பணத்தைப் போட்டார். சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் கலைஞர்களே. கண்காட்சி வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு, அது முடிந்ததும் மறுபடி கரண்டி பிடிக்கலாம். ஞாயிறுதோறும் ஒரு கலைஞர் விருந்தினர் சமையல்காரராக வந்து தமக்குப் பிடித்ததைச் சமைத்தார்.

அவற்றுள் மட்டா-கிளார்க் சமைத்த எலும்பு விருந்து ஒன்று பெயர்பெற்றது. மாட்டுவால் சூப்பும் மஜ்ஜை எலும்பும் தவளைக்காலுமாக எல்லாமே எலும்போடு வந்தன. உண்டு முடித்த தட்டுகளிலிருந்து எலும்புகளைச் சேகரித்து, தேய்த்துக் கழுவி, துளைபோட்டு, கயிற்றில் கோத்து, உண்டவர்களிடமே மாலையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். தாம் கடித்துத் துப்பிய எலும்பைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். இதைக் கிறுக்குத்தனம் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் அந்த உணவகம் ஓர் அண்டைச் சமூகத்தைத் தாங்கியதற்குக் காரணம் எலும்பு மாலை அல்ல, ஊதியத்தோடு கிடைத்த வேலையும் அந்த வேலையினூடே நிகழ்ந்த பழக்கமும்தான். மூவரும் ஓரிரு ஆண்டுகளில் அலுத்து விலகினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தினமும் அடுப்பு எரிய வேண்டிய இடத்தைக் கலை ஆர்வம் மட்டும் கொண்டு நடத்த முடியாது.

இவர்களுக்கும் முன்னோடியாக, 1962-ல் லண்டனில் அமெரிக்கக் கலைஞர் அலிசன் நோல்ஸ் நிகழ்த்திய படைப்பின் முழுக் குறிப்பும் 'ஒரு சாலட் செய்' என்பது மட்டுமே. காய்களை நறுக்கும் ஓசையை ஒலிபெருக்கியில் கேட்கவைத்து, நறுக்கியவற்றைக் கலந்து, பார்க்க வந்தவர்களுக்கே கொடுத்துவிடுவார். பிற்காலத்தில் பெருங்கூட்டத்துக்காகச் செய்தபோது தார்ப்பாயில் கொட்டிப் புரட்டினார். இதில் நான் கவனிப்பது நறுக்கும் ஓசைக்குத் தரப்பட்ட முதன்மையை. ஊர்த் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் மறுநாள் சமையலுக்காக இரவில் காய் நறுக்க உட்காரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. கை வேலையில் இருக்கும்போதுதான் வாய் தானாகத் திறக்கிறது. எதிரெதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்து 'பழகுங்கள்' என்றால் மனிதர்கள் கைபேசியை எடுத்துக்கொள்கிறார்கள்.

முடிவெடுக்கும் உரிமைக்கு நான் காட்டக்கூடிய சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் நடந்தது. மோட்டார் வாகனத் தொழிலால் வளர்ந்த அந்நகரத்தில் 1950-ல் பதினெட்டு லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2010-ல் ஏழு லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கியிருந்தது. 2013-ல் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. அந்தச் சூழலில், சிகாகோவில் சில கலைஞர்கள் நடத்திவந்த 'ஞாயிறு சூப்' என்ற முயற்சியைப் பின்பற்றி, 2010-ல் 'டெட்ராய்ட் சூப்' தொடங்கியது. வாசலில் ஐந்து டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு கிண்ணம் சூப்பும் சாலடும் ரொட்டியும் கிடைக்கும். கூடவே ஒரு வாக்கும் கிடைக்கும். நான்கு பேர் ஆளுக்கு நான்கு நிமிடம் தங்கள் திட்டத்தைச் சொல்வார்கள். காலிமனையில் தோட்டம், சிறுவர்களுக்கு ஒரு பட்டறை, கலை முயற்சி என்று எதுவாகவும் இருக்கலாம். அவையிலிருந்து நான்கு கேள்விகள் கேட்கலாம். பிறகு எல்லாரும் சாப்பிடுவார்கள், பேசுவார்கள், வாக்களிப்பார்கள். அதிக வாக்கு பெற்றவர் வாசலில் சேர்ந்த பணத்தை எடுத்துச் செல்வார். செய்தது என்ன என்பதைப் பின்னொரு விருந்தில் வந்து சொல்வார்.

இந்த அமைப்பின் நுட்பம், சாப்பாட்டை அது வைத்த இடத்தில் இருக்கிறது. நான்கு திட்டங்களையும் கேட்ட பிறகு, வாக்களிப்பதற்கு முன்பு, கையில் கிண்ணத்தோடு முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்காரும்போது பேசுவதற்கு ஒரு விஷயம் இருக்கிறது, அந்தப் பேச்சு ஒரு முடிவைப் பாதிக்கவும் செய்யும். ஐந்து டாலரைச் சூப்பின் விலையாக யாரும் கருதவில்லை. அதை நான் நம் ஊர்களில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தலைக்கட்டு வரியின் வகையைச் சேர்ந்ததாகவே பார்க்கிறேன். கொடுத்தவன் கணக்குக் கேட்கலாம் என்பதுதான் அதன் பொருள்.

தலைக்கட்டு வரி என்றவுடன் வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களைச் சொல்லாமல் நகர முடியாது. பங்கேற்புக் கலை என்று மேலைநாட்டார் கண்டுபிடித்ததாகச் சொல்வதன் பெரும்பகுதி, திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் ஆண்டுதோறும் நடக்கிறது. பல நாள்கள் நீளும் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. செலவு ஊரின் தலைக்கட்டுகள் மீது பிரிக்கப்படுகிறது. பகாசுரன் வதம் நடக்கும் நாளில் பல ஊர்களில் பீமன் வேடக்காரர் கூத்து மேடையை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவார். இப்போது சில இடங்களில் டிராக்டர். அசுரனுக்கு வண்டி நிறையச் சோறு கொண்டுபோக வேண்டுமல்லவா? ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சோறும் பலகாரமும் பழமும் வண்டியில் ஏறும். அரிதாரம் பூசிய பீமன் அதிலிருந்து எடுத்துத் தின்பதும், பின்னால் ஓடிவரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் கதைக்குள் நடக்கிறதா தெருவில் நடக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கதைக்கு வேண்டிய சோற்றை ஊர் சமைக்கிறது, சமைத்ததாலேயே ஊர் கதைக்குள் வந்துவிடுகிறது. இறுதி நாள் படுகளத்தில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் பிளக்கும்போது சுற்றி நிற்பவர்கள் பார்வையாளர்களாக இருப்பதில்லை. அந்தப் பல நாள் விழாவுக்கு அவர்கள் கொடுத்திருக்கிறார்கள், சமைத்திருக்கிறார்கள், நேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இதைச் சொல்லிப் பெருமைப்பட்டு நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் தலைக்கட்டுகளை எண்ணும்போது யார் எண்ணப்படுவதில்லை என்பதும் அதே விழாவின் பகுதிதான். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் உள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது தலித் மக்கள் நுழைந்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். மோதல் முற்றியதில் அவ்வாண்டு ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலையே பூட்டி முத்திரை வைத்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024 மார்ச்சில்தான் பூசைக்காகத் திறக்கப்பட்டது. கூட்டுக் கலையும் கூட்டுணவும் ஒரு சமூகத்தை வலுப்படுத்துகின்றன என்பது உண்மை; அந்தச் சமூகத்தின் வேலி எங்கே இருக்கிறதோ அந்த வேலியையும் சேர்த்தே வலுப்படுத்துகின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன் சேரன்மாதேவி குருகுலத்தில் நடந்ததும் இதற்கு உறவுதான். வ.வே.சு. ஐயர் நடத்திய அந்தத் தேசியக் கல்வி நிலையத்துக்குத் தமிழ்நாடு காங்கிரசு பொதுப்பணத்திலிருந்து நிதி கொடுத்தது. உள்ளே பிராமண மாணவர்களுக்குத் தனியாக உணவிடப்படுகிறது என்ற செய்தி வெளியானபோது, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய எதிர்ப்பு 1925-ல் காங்கிரசையே உலுக்கியது. பணம் எல்லாருடையது, பந்தி மட்டும் எல்லாருக்குமானது அல்ல என்பதுதான் அங்கே சிக்கல்.

உங்கள் குடியிருப்பில் இதற்கு ஈடானது எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள் ஆகியோர் அந்த ஞாயிற்றுக்கிழமையன்று எங்கே சாப்பிட்டார்கள், எப்போது சாப்பிட்டார்கள், என்ன தட்டில் சாப்பிட்டார்கள்? எல்லாரும் முடித்த பிறகு மிஞ்சியதைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருந்தால் உங்கள் நிகழ்ச்சி எந்தச் சமூகத்தை உருவாக்குகிறது என்பதை அந்தப் பொட்டலமே சொல்லிவிடும்.

வேலியை அசைத்துப் பார்த்த முயற்சி ஒன்றையும் குறிப்பிடுகிறேன். ஈராக்கிய யூத வழிவந்த அமெரிக்கக் கலைஞர் மைக்கேல் ராக்கோவிட்ஸ், ஈராக் போர் தொடங்கிய 2003-ல், தம் தாயின் உதவியோடு பாக்தாத் சமையல் குறிப்புகளைத் திரட்டி 'எதிரியின் சமையலறை' என்ற தொடர் முயற்சியை ஆரம்பித்தார். நியூயார்க்கில் அவரிடம் சமையல் கற்றுக்கொண்ட பள்ளி மாணவர்களில் சிலருடைய உறவினர்கள் அப்போது ஈராக்கில் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். 2012-ல் சிகாகோவில் அது ஓர் உணவு வண்டியாக உருமாறியது. அந்த வண்டியில் தலைமைச் சமையல்காரர்கள் ஈராக்கியர்கள். அவர்கள் சொன்னபடி காய் நறுக்கி, எடுபிடி வேலை செய்து, வரிசையில் நின்றவர்களுக்குப் பரிமாறியவர்கள் ஈராக்கில் போரிட்டுத் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள். 'வாருங்கள், எல்லாரும் சமமாக உட்காருவோம்' என்று அவர் சொல்லவில்லை. அதிகார வரிசையை ஒரு சமையலறையின் அளவுக்குத் தலைகீழாக்கினார். வெங்காயத்தை இவ்வளவு பெரிதாக நறுக்காதே என்று ஓர் ஈராக்கியர் ஓர் அமெரிக்கப் போர்வீரரிடம் சொல்லக்கூடிய இடம் வேறு எங்கே இருந்திருக்கும்?

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெளிச் சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். பெரிய அடுப்பும் அண்டாவும் வாடகைக்குக் கிடைக்கும். எண்பது பேருக்கு உப்புப் போடத் தெரிந்த ஒருவர் கண்டிப்பாக இருக்க வேண்டும். அவர் உங்கள் குடியிருப்பில் வேலை செய்யும் அம்மாள் ஒருவராக இருந்தால், அவருக்கு உரிய கூலியைக் கொடுத்து, அன்றைய சமையலுக்கு அவரையே தலைவராக்குங்கள். வீட்டுக்காரர்கள் அவர் சொன்னபடி நறுக்கட்டும். பண்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ருசியை மட்டும் பார்க்காமல், பல கைகளுக்கு வேலை இருக்கிறதா என்று பாருங்கள். திருநெல்வேலிக் கூட்டாஞ்சோறு இதற்கு மிகப் பொருத்தம்: கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், மாங்காய், கீரை என்று ஆளுக்கொன்றாக மணைபோட்டு உட்கார்ந்து நறுக்கலாம். நறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது, இடத்தைக் கூட்டுவது ஆகியவற்றைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரியுங்கள். இதைச் செய்யாவிட்டால் முழு வேலையும் இரண்டே மாதங்களில் பெண்கள் தலையில் வந்து விடியும், ஆண்கள் நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் களைத்துப்போவார்கள். சைவம், அசைவம் பற்றிய சச்சரவு வரும், வரட்டும். சைவம் மட்டும் என்று முடிவு செய்தால் அதை வெளிப்படையாக ஒரு முடிவென்றே சொல்லுங்கள், பொதுவானது என்று பெயர் சூட்டாதீர்கள்.

சங்கப் பணத்திலிருந்து செலவு செய்வதையும் விட்டுவிட்டு, உண்பவர் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு தொகை வாங்குங்கள். ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். பணியாளர்களிடம் ஐந்து ரூபாய் போதும், ஆனால் கட்டாயம் வாங்குங்கள், இலவசமென்று ஒதுக்கிவைக்காதீர்கள். காய்கறிச் செலவு போக மிஞ்சியதை என்ன செய்வது என்று இரண்டு மூன்று பேர் தங்கள் யோசனையைச் சொல்லட்டும்: படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி, காவலாளி அறைக்கு ஒரு மின்விசிறி, பிள்ளைகளுக்குக் கேரம் பலகை. காசு கொடுத்த அனைவருக்கும் ஒரே ஒரு வாக்கு. வீட்டுக்கு ஒன்று அல்ல, தலைக்கு ஒன்று.

ஓவியத்தைப் பொறுத்தவரை, கலைஞர் கோடு போட்டுக் கொடுத்துக் குடியிருப்பவர்கள் வண்ணம் நிரப்புவதை நான் பங்கேற்பு என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். என்ன வரைவது என்ற கேள்வி அவர்களிடம் வரவே இல்லையே. அந்தக் கலைஞரை அனுப்பிவிட வேண்டியதில்லை. அவருடைய வேலையை மாற்றுங்கள். சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு மாதமும் வாக்கில் வென்ற யோசனை மறுமாதம் நிறைவேறிய பிறகு, அதை முன்மொழிந்தவரும் அதற்காக உழைத்தவர்களும் சேர்ந்து ஒரு கட்டத்தில் வரையட்டும். கை வராதவர்களுக்கு மட்டும் கலைஞர் உதவட்டும். படங்கள் அழகாக அமையாது. கைப்பிடியும் மின்விசிறியும் கோணல்மாணலாக நிற்கும் அந்தச் சுவரை வெள்ளையடிக்க வேண்டும் என்று எவராவது சொன்னால், அதையும் ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு வாக்குக்கு விட்டுவிடலாம்.

வருகையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நூறு வீடுகளில் முப்பது பேர் தொடர்ந்து வந்தால் அது நல்ல எண்ணிக்கை. நூற்றைம்பது பேர் கூடிய இடத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. நாளை மட்டும் மாற்றிவிடுங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு சம்பளக்காரர்களுக்குக் கை காயும் நேரம், அதனால் முதல் ஞாயிறாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்வதற்கு முன், காவலாளிகளுக்குப் பணிமாற்றம் எத்தனை மணிக்கு என்று அவர்களிடமே கேட்டு, இரண்டு முறையினரும் உட்காரும்படி அமைத்துவிடுங்கள்.